புதுக் கணக்கும் பழைய நிலுவையும்

சித்திரை முதல் நாள் காலையில் அபர்டீன் பஜாரில் மணிக்கூண்டின் பக்கமாக நடந்து வருவோர், தமிழ்க் கடைகளின் வாயிலில் மாவிலைத் தோரணத்தைக் காண்பர். உள்ளே சாமி படத்தின் முன்னே, நான்கு முனையிலும் மஞ்சள் தடவிய புதிய ஏடு ஒன்று இருக்கும். முதற் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே ‘லாபம்’ என்னும் ஒரு சொல். கணக்குகள் கணினிக்குள் குடிபுகுந்துவிட்ட இந்நாளிலும், அந்த ஏட்டைத் திறந்துவைக்கும் வழக்கம் முற்றும் அற்றுப் போய்விடவில்லை.

புதிய ஏட்டைத் திறப்பது எளிது. காசு கொடுத்தால் ஏடு கிடைக்கும். பழைய ஏட்டின் நிலுவையைப் புதிய ஏட்டில் ஏற்றுவதே அரிது. யார் நமக்குத் தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும், எந்தப் பக்கத்தில் எந்தப் பெயர் என்பனவற்றையெல்லாம் வரி பிசகாமல் எடுத்தெழுத வேண்டும். ஒரு வரி விடுபட்டால் பெரிய வணிகருக்கு ஒன்றும் ஆகாது. அவர் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொள்வார். தம் கூலியில் ஒரு பகுதியைக் கடைக்காரரிடம் நம்பி ஒப்படைத்திருந்த எளியவருக்கே அது இழப்பாகும். ஏடு மாறும் நாளில் எளியவர் கணக்கே முதலில் தொலையும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, இத்திங்கள் நாம் வேறொரு வகை ஏட்டைப் பற்றி எழுத விழைகின்றோம்.

அது மென்பொருள்களின் குறைப் பேரேடு. நம் பிள்ளைகள் பாடத்துக்குப் பொருள் தேடும் தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளும், கல்லூரி மாணவர் பயிலும் பைத்தான் என்னும் நிரல்மொழியும், லினக்ஸ் கணினிகளின் திரையை ஆளும் க்னோம் என்பதும் திறந்த மூல மென்பொருள்கள் எனப்படும். இவற்றின் மூல நிரல் பூட்டி வைக்கப்படுவதில்லை. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். பல நாடுகளில் இருப்போர், பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரிற் காணாதவர்கள், கூடிச் செய்யும் பணி இது. ஊர்ப் பொதுக் கிணறு போன்றது எனலாம்.

பொதுக் கிணற்றின் கயிறு அறுந்தால் யாரிடம் சொல்வது? அதற்கென ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பொது ஏடு உண்டு. குறை கண்டவர் அதில் எழுதலாம். எழுதிய உடனே அக்குறைக்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணின் கீழ்ப் பிறர் தம் அனுபவத்தைச் சேர்ப்பர். திருத்த வல்லவர் வினாக்கள் கேட்பர். திருத்தம் முடிந்தால் குறை தீர்ந்தது எனக் குறித்து மூடுவர். பின்னாளில் அதே குறை தலைகாட்டினால் பழைய எண்ணைக் கொண்டு பழைய பேச்சு முழுவதையும் படித்தறியலாம்.

தமிழருக்கும் இவ்வேட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம் நகரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இப்பெயரின் முதலெழுத்தைக் கணினியில் இரு வழிகளில் எழுதலாம். ‘ஸ’ என்னும் எழுத்தோடு புள்ளியும் ரகரமும் ஈகாரக் குறியும் சேர்த்து எழுதுவது ஒன்று. 2005ஆம் ஆண்டில் யூனிகோடு எழுத்துமுறையிற் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்னும் எழுத்தைக் கொண்டு எழுதுவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு. ஒருவர் ஒரு வழியில் எழுதிவைத்த ஊர்ப்பெயரை மற்றொருவர் மற்றொரு வழியில் தேடினால், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கற்பிக்கப்படாத மென்பொருள், அப்படி ஓர் ஊரே இல்லை என்று சொல்லிவிடும். ஔவையாரின் ஔகாரத்துக்கும் இதே துன்பம் உண்டு. அதனை ஓர் எழுத்தாகவும் எழுதுவர். ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்து இட்டும் எழுதிவிடுவர்.

இத்தகைய குறையைத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்தாம் காண முடியும். அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இருந்து நிரல் எழுதும் நல்லறிஞர் எத்துணை முயன்றும் அவர் கண்ணுக்கு இது படாது. ஆகவே ஒரு தமிழர் எழுதிவைக்கும் குறை, எண்ணிக்கையில் ஒன்றாயினும், அதனை எழுத வேறு ஆள் வருவது அரிது. அக்குறையைத் தாங்கி நிற்கும் ஏடு இடம் மாறும்போது அவ்வரி உடன் செல்கின்றதா என்பதே நம் கவலை.

ஏட்டை ஏன் மாற்ற வேண்டும்? ஏடும் தேய்கின்றது. மொசில்லா என்னும் உலாவித் திட்டத்துக்காக 1998இல் பக்சில்லா என்றொரு குறைப் பேரேடு செய்யப்பட்டது. அதுவும் திறந்த மூலமே. அக்காலத்துக்கு அது பெரிய வரப்பிரசாதம். பல திட்டங்கள் அதனையே எடுத்துக்கொண்டன. காலம் செல்லச் செல்ல அதன் படிவம் புதியவரை மிரட்டுவதாயிற்று. ஒரு சிறு குறையைச் சொல்ல வந்தவர், எந்தப் பிரிவு, எந்தப் பதிப்பு, எத்துணைக் கடுமை என்று அடுக்கடுக்காகக் கேட்கக் கண்டு திரும்பிச் சென்றார். ஏடு ஓரிடத்திலும், நிரல் ஓரிடத்திலும், வேலைப் பங்கீடு வேறிடத்திலும் இருந்தமையால் பணிசெய்வோரும் அலைந்தனர்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனத்தார் 2004 முதல் பக்சில்லாவையே கையாண்டு வந்தனர். அதனோடு வேறு சில ஏடுகளும் பிரிவுக்கொன்றாகப் பெருகின. 2014இல் தொண்டர்களையும் பணியாளரையும் பொதுவிற் கேட்டு ஆராய்ந்த பின்னர், பேப்ரிகேட்டர் என்னும் ஒரே ஏட்டுக்கு மாறுவதென முடிவு செய்தனர். அவ்வாண்டு நவம்பரில் பழைய ஏட்டில் எழுதுவதை நிறுத்தி, சில நாளில் புதிய ஏட்டைத் திறந்தனர். 70,000க்கும் மேற்பட்ட குறைகள் அதன் பேச்சுகளோடு இடம் பெயர்ந்தன.

அவர்கள் செய்தவற்றுள் இரண்டு நம் வணிகரும் மெச்சத் தக்கவை. முதலாவது, எண். புதிய ஏட்டில் முன்னரே சில பக்கங்கள் எழுதப்பட்டிருந்தமையால் பழைய எண்ணை அப்படியே இடுதல் இயலாதாயிற்று. ஆகவே பழைய எண்ணோடு 2000 கூட்டினால் புதிய எண் வரும் என்று எல்லாக் குறைகளுக்கும் ஒரே விதியை வகுத்தனர். பழைய ஏட்டின் 1ஆம் குறை புதிய ஏட்டில் 2001. பழைய முகவரியைத் தட்டினால் அது புதிய பக்கத்துக்கு இட்டுச் செல்லுமாறும் செய்தனர். பத்தாண்டுக்கு முன் ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்த எண் இன்றும் வழி காட்டும்.

இரண்டாவது, பெயர். ஏட்டைப் பெயர்த்தபோது, பழைய வரிகளை எழுதும் வேலையை ஒரு பொறிக் கணக்கே செய்தது. அப்படியே விட்டிருந்தால் ஆயிரக்கணக்கானோர் உழைப்பு அந்தப் பொறியின் பெயரால் நின்றிருக்கும். பழைய ஏட்டில் தந்த மின்னஞ்சல் முகவரியைப் புதிய ஏட்டிலும் பதிந்து உறுதி செய்தவர்க்கு, அவர் எழுதியவை அவர் பெயருக்கே மீட்டளிக்கப்பட்டன. கூலி பெறாது உழைத்தவர்க்குக் கிடைக்கும் கூலி அவர் பெயர் ஒன்றே. அதனையும் விட்டுவிடாமல் காத்தது நன்று.

இத்தகைய பெயர்ப்பு ஓர் இரவில் ஆகிவிடுவதன்று. முதலில் பழைய ஏட்டின் படி ஒன்றை எடுத்து ஒத்திகை பார்த்தல் வேண்டும். பழைய ஏட்டில் ‘மிக அவசரம்’ என்றது புதிய ஏட்டில் எந்தச் சொல்லுக்கு ஒப்பாகும் என்று சொல்லுக்குச் சொல் பொருத்தம் காண வேண்டும். குறைகளோடு இணைத்த படங்களும், ஒரு குறை மற்றொன்றைச் சார்ந்தது என்ற குறிப்புகளும் உடன் வரல் வேண்டும். வெளியார் கண்டால் தீங்கு நேரும் பாதுகாப்புக் குறைகள், பூட்டியபடியே வந்து பூட்டியபடியே அமர வேண்டும். கப்பலேறி வந்த குடும்பத்தார் பெட்டி ஒவ்வொன்றிலும் எண் எழுதி, இறங்கிய துறையில் எண்ணிப் பார்ப்பதற்கு ஒப்பாகும் இது.

வேறு வழியிற் சென்றோரும் உளர். க்னோம் திட்டத்தார் 2018இல் தம் பணிகளை பக்சில்லாவிலிருந்து கிட்லேப் என்னும் புதிய இடத்துக்கு மாற்றினர். சில பிரிவினர் தம் குறைகளை உடன் எடுத்துச் சென்றனர். எஞ்சியவற்றுள் நெடுநாள் அசைவின்றிக் கிடந்த பழைய குறைகளைப் பின்னர் மொத்தமாக மூடினர். இக்குறை இன்னும் இருக்குமாயின் புதிய பதிப்பில் சோதித்துப் புதிய ஏட்டில் எழுதுக என்று எழுதியவர்க்கு மடல் சென்றது.

இதனை முற்றும் பழித்தல் நேர்மை ஆகாது. தொண்டர் கை சிலவே, குறைகளோ பல்லாயிரம். பல குறைகள் தாமே தீர்ந்து போயிருக்கும். பல, இன்று எவரும் கையாளாத பதிப்பைப் பற்றியவையாக இருக்கும். வாராக் கடனை ஆண்டுதோறும் சுமந்து திரிவதால் வணிகருக்கும் பயன் இல்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு குறை அசைவின்றிக் கிடப்பதற்குக் காரணம் இரண்டாகலாம். அது தீர்ந்திருக்கலாம், அல்லது அதனைப் பேசுவோர் சிலராக இருக்கலாம். பெருமொழிகளின் குறைக்கு நாள்தோறும் ஒருவர் வந்து ‘எனக்கும் அவ்வாறே’ என்பார். தமிழெழுத்தின் குறைக்கு ஆண்டுக்கு ஒருவர் வருவதே அரிது. ஏட்டைக் காப்போர்க்கு இரண்டு அமைதியும் ஒன்றாகவே தோன்றும். மூடும் மடல் வந்தபோது எழுதியவர் வேலை மாறியிருப்பார், முகவரி மாறியிருப்பார். மறுமொழி போகாது. குறை இருக்கும், வரி இராது.

பைத்தான் மொழியின் வரலாறு மற்றொரு பாடத்தைத் தருகின்றது. அதன் குறைகள் தொடக்கத்தில் சோர்ஸ்ஃபோர்ஜ் என்னும் பொதுத் தளத்தில் இருந்தன. 2007இல் ரவுண்டப் என்னும் தம் சொந்த ஏட்டுக்கு வந்தனர். நிரல் 2017இல் கிட்ஹப் தளத்துக்குச் சென்றமையால் குறையேடும் அங்கேயே செல்ல வேண்டும் என்று சிலர் கருதினர். 2018இல் முறையாக எழுதப்பட்ட முன்மொழிவு 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஏப்ரலில்தான் குறைகள் இடம் பெயர்ந்தன. முடிவுக்கும் செயலுக்கும் இடையே மூன்று ஆண்டு. பழைய ஏடு அழிக்கப்படவில்லை. எழுத இயலாது, படிக்க இயலும் என்ற நிலையில் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் புதிய பக்கத்துக்கு வழி இட்டனர்.

இங்கே நிகழ்ந்த சொற்போர் கருதத் தக்கது. கிட்ஹப் எவர் சொத்து? அது ஒரு தனி நிறுவனம். 2018இல் மைக்ரோசாஃப்ட் அதனை வாங்கியது. அங்கே கோடிக்கணக்கானோர் முன்னரே கணக்கு வைத்திருத்தலால், குறை சொல்ல வருவோர்க்கு வாயில் அகலமானது. இது பெரிய நன்மை. ஆனால் வீடு பிறருடையது. 2019இல் அமெரிக்க அரசின் தடைச் சட்டத்தை ஒட்டி ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களில் இருந்தோரின் கிட்ஹப் கணக்குகளுக்குச் சில கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. ஈரானியர்க்கு 2021இல் அவை நீக்கப்பட்டன. கூகுள் நிறுவனத்தார் நடத்திய கூகுள் கோடு என்னும் இடமும் முன்னர்ப் பல திட்டங்களுக்கு இலவசமாக ஏடு தந்தது. 2015இல் அது மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது, 2016இல் மூடப்பட்டது. வாடகை வாங்காத வீட்டுக்காரரும் ஒரு நாள் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம் அன்றோ?

சொந்த வீடும் என்றும் நிலைக்கும் என்பதில்லை. விக்கிமீடியா நாடிச் சென்ற பேப்ரிகேட்டரையே அதனைச் செய்து வந்த நிறுவனம் 2021இல் கைவிட்டது. ஆயினும் அது திறந்த மூலமாதலின், அதனைக் கையாண்டோர் கூடி, ஃபோர்ஜ் என்னும் பெயரில் பணியைத் தொடர்ந்தனர். ஏடு செய்தவர் கடையை அடைத்தார், ஏடு கிழியவில்லை. திறந்த மூலத்தின் பயன் ஆபத்துக் காலத்தில்தான் விளங்குகின்றது.

தீவில் வாழும் நாம் இன்னொன்றையும் சேர்த்து நோக்க வேண்டும். 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையை நம் நகரோடும் நம் பிற தீவுகள் சிலவற்றோடும் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோள் வழியே வந்த மெல்லிய இணையத்தில் ஒரு கனத்த பக்கம் திறக்கக் காத்திருந்ததை எவரும் மறந்திரார். டெபியன் என்னும் லினக்ஸ் திட்டத்தின் குறையேடு, 1990களிலிருந்து இன்றளவும் மின்னஞ்சலாலேயே இயங்குகின்றது. கணக்குத் தொடங்க வேண்டா. படிவம் நிரப்ப வேண்டா. ஒரு மடல் எழுதி அனுப்பினால் எண் வந்து சேரும். பழைமையானது என்று பலர் நகைப்பர். மெல்லிய இணைப்பில் இருப்பவர்க்கு அதுவே எட்டும் வாயில். சென்னையில் சீ-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் என்னும் இந்திய லினக்ஸும் டெபியனை அடியாகக் கொண்டதே. புதிய ஏட்டைத் தேர்வோர், அது அழகாக இருக்கின்றதா என்பதோடு, கடைக்கோடியில் இருப்பவர் கைக்கு எட்டுகின்றதா என்றும் பார்த்தல் வேண்டும்.

ஏட்டில் விடுபடுவது என்றால் என்ன என்பதை நம்மினும் நன்கறிந்தவர் யார்? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையின் மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென எழுதினர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்று விட்டனர். அவர்களைப் பற்றிய உடன்பாடு எழுதப் பத்தாண்டு ஆயிற்று. அவ்வொப்பந்தங்களின் வழியே தாயகம் திரும்பியோருள் சில குடும்பங்கள் நம் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. மனிதர் வாழ்வையும் மென்பொருளின் குறையையும் ஒரே தட்டில் வைப்பது நம் கருத்தன்று. ‘பின்னர்ப் பார்க்கலாம்’ என்று ஒதுக்கிய வரியின் பின்னே ஓர் ஆள் காத்திருக்கின்றார் என்பதை மட்டும் நினைவூட்டுகின்றோம்.

இனி, நம்மால் ஆவது யாது? நம் இளைஞர் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் கணினித் துறையில் இருக்கின்றனர். விடுமுறைக்கு ஊர் வருகின்றனர். ஏடு மாற்றும் பொறுப்பு அவர் கையில் வரும் நாளில் நான்கைக் கருத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பழைய எண் புதிய எண்ணுக்கு வழி காட்டட்டும். எழுதியவர் பெயர் அழியாதிருக்கட்டும். பழைய ஏடு படிப்பதற்கேனும் நிலைக்கட்டும். புதிய ஏட்டிலிருந்தும் ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியேற வழி உண்டா என்று நுழையும் முன்பே கேட்கட்டும்.

குறை எழுதும் நம்மவர்க்கும் கடமை உண்டு. கைப்பேசியிலோ கணினியிலோ தமிழ் சிதைந்து தோன்றினால், ‘நமக்கு வாய்த்தது இவ்வளவே’ என்று விட்டுவிடாமல் எழுத வேண்டும். எளிய ஆங்கிலத்தில், எந்தச் சொல்லைத் தட்டினோம், என்ன தோன்றியது, என்ன தோன்றியிருக்க வேண்டும் என்ற மூன்றையும் படத்தோடு தந்தால் போதும். ஆங்கிலம் தடையாக இருக்கும் பெரியோர்க்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதித் தரலாம். கிடைத்த எண்ணை ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். வேலை மாறினால் அழிந்துபோகும் அலுவலக முகவரியைத் தராது, நிலைத்த முகவரியையே தர வேண்டும். மூடுகின்றோம் என்று மடல் வந்தால் புதிய பதிப்பில் ஒரு முறை சோதித்து, குறை இருப்பின் இருக்கின்றது என்று ஒரு வரி மறுமொழி எழுத வேண்டும். அந்த ஒரு வரி அக்குறையைப் புதிய ஏட்டில் ஏற்றும்.

பள்ளிப் பிள்ளை ஒருத்தி தன் ஊரின் பெயரைத் தமிழில் தட்டித் தேடும்போது, அப்படி ஓர் ஊர் இல்லை என்று கணினி சொல்லலாகாது. அவளுக்காக யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஏட்டில் ஒரு வரி எழுதியிருக்கின்றார். ஏடுகள் மாறட்டும், மாறத்தான் வேண்டும். புதுக் கணக்கின் முதற் பக்கத்தில் பிள்ளையார் சுழி இட்ட கை, இரண்டாம் பக்கத்தில் பழைய நிலுவையை மறவாது எழுதுமாக.